ஓய்வுக்கு வெற்றி சாட்சி சொல்ல வேண்டுமா?

2025 ஜூலையில் விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டம் 57 நிமிடங்களில் முடிந்துபோனது. இகா ஸ்வியாடெக் 6-0, 6-0 என வென்றார். விம்பிள்டன் இறுதியில் ஒரு பெண் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றது 1911க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தோற்றவர் அமாண்டா அனிசிமோவா. வயது 23. பரிசளிப்பின்போது அழுகையை அடக்க முடியாமல் அம்மாவுக்கு நன்றி சொன்னார்.

அதற்கு முந்தைய ஆண்டு அதே விம்பிள்டனில் தகுதிச் சுற்றையே அவரால் தாண்ட முடியவில்லை. அதற்கும் முந்தைய ஆண்டு விம்பிள்டன் நடந்தபோது அவர் டென்னிஸை விட்டே விலகியிருந்தார்.

நியூஜெர்சியில் பிறந்து ஃபுளோரிடாவில் வளர்ந்த அனிசிமோவா, 2019 பிரெஞ்சு ஓபனில் நடப்புச் சாம்பியன் சிமோனா ஹாலெப்பை வீழ்த்தி, 17 வயதிலேயே அரையிறுதிக்கு வந்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில், அவருக்குப் பயிற்சியாளராகவும் இருந்த தந்தை மாரடைப்பில் இறந்தார். ஆட்டம் தொடர்ந்தது, மனம் தொடரவில்லை. 2022 கோடையிலிருந்தே மனச்சோர்வோடு போராடுவதாகவும், போட்டிகளுக்குப் போவது தாங்க முடியாததாகிவிட்டது என்றும் 2023 மே மாதம் வெளிப்படையாக அறிவித்து ஒதுங்கினார். படம் வரைந்தார், கல்லூரிப் படிப்பில் சேர்ந்தார், வீட்டில் இருந்தார். இவ்வளவு காலம் விலகியிருந்தால் மறுபடி உச்சிக்கு வரவே முடியாது என்று பலர் சொன்னதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்தார்.

2024 ஜனவரியில் திரும்பினார். 2025 பிப்ரவரியில் தோஹாவில் பட்டம், ஜூலையில் விம்பிள்டன் இறுதி. செப்டம்பரில் அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை நேர் செட்களில் வீழ்த்தி, அங்கும் இறுதிவரை போனார்.

'ஓய்வெடுத்தார், அதனால் வென்றார்' என்றுதான் இந்தக் கதை எங்கும் சொல்லப்படுகிறது. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அவர் திரும்பி வந்து தோற்றுக்கொண்டே இருந்திருந்தால்? திரும்பாமலே இருந்திருந்தால்? அந்த எட்டு மாதங்கள் வீண் என்று எழுதிவிடுவோமா?

ஓய்வு எதற்காக என்பது பழைய கேள்வி. மனிதரால் இடைவிடாமல் உழைக்க முடியாது, அதனால் இளைப்பாறுகிறோம். இளைப்பாறுவது மறுபடி செயலில் இறங்கத்தான் என்று 'நிக்கோமாக்கிய அறவியல்' பத்தாம் நூலில் வாதிடுகிறார் அரிஸ்டாட்டில். யூத மெய்யியலாளர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951இல் வெளியிட்ட 'சப்பத்' என்ற நூலில் இதை நேரடியாக மறுத்தார். வார நாட்களுக்குத் தெம்பு சேர்க்க வந்ததல்ல ஓய்வுநாள். வார நாட்கள்தான் அதற்காக இருக்கின்றன என்பது அவர் வாதம். விளையாட்டு உலகம் இன்றும் அரிஸ்டாட்டில் பக்கம்தான். ஓய்வை அது முதலீடாகப் பார்க்கிறது. லாபம் வந்தால் மட்டும் பாராட்டுகிறது.

நம் பக்கத்திலிருந்து ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். துன்பமாக இருக்கிறது என்று அஞ்சிக் கடமையைக் கைவிடுவது ராஜஸத் தியாகம், அதற்குத் துறவின் பலன் இல்லை என்கிறது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம். வில்லைக் கீழே போட்ட அர்ஜுனனைக் கண்ணன் விட்டுவிடவில்லையே?

ஆட்சேபத்தில் வலு இருக்கிறது. ஆனால் அர்ஜுனனை நம்பி ஒரு சேனையே நின்றது. ஒற்றையர் ஆட்டக்காரி விலகினால் களத்தில் கைவிடப்படுபவர் யாருமில்லை. அவருடைய இடத்தில் இன்னொருவர் ஆடுவார். மேலும், செயலைப் பலனைக் கொண்டு எடை போடாதே என்று சொல்வதும் அதே கீதைதான். ஆடுவதற்குப் பொருந்தும் அந்த விதி, ஆடாமல் இருப்பதற்கும் பொருந்தத்தானே வேண்டும்?

2019இல் அனிசிமோவாவை அரையிறுதியில் வென்று, பிரெஞ்சு ஓபன் பட்டத்தையும் எடுத்த ஆஷ்லி பார்ட்டியின் வாழ்க்கை இந்தச் சிக்கலை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. 2014இல், 18 வயதில், அவரும் டென்னிஸிலிருந்து ஒதுங்கியவர்தான். பிரிஸ்பேன் ஹீட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடிவிட்டு 2016இல் திரும்பினார். பிறகு மூன்று கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். 2022 மார்ச்சில், ஆஸ்திரேலிய ஓபனை வென்று இரண்டே மாதங்களில், உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருக்கும்போதே, 25 வயதில் மறுபடியும் விலகினார். கொடுக்க இனி தன்னிடம் எதுவும் மிச்சமில்லை என்பதே அவர் சொன்ன காரணம். முதல் விலகலைக் கோப்பைகள் நியாயப்படுத்தின என்றால், இரண்டாவதை எது நியாயப்படுத்தும்? இரண்டு முறையும் பார்ட்டி தன் மனநிலையை நேர்மையாகப் பார்த்தே முடிவெடுத்தார். அந்த நேர்மையைத் தவிர வேறு அளவுகோல் தேவையில்லை.

அனிசிமோவாவின் முடிவும் 2023 மே மாதத்திலேயே சரியானது. 2024இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றில் தோற்றபோதும் அது சரியாகவே இருந்தது. அமெரிக்க ஓபன் இறுதிக்குப் போனதால் கூடுதலாகச் சரியாகிவிடவில்லை. களைத்துப்போய் ஓய்வு கேட்கும் பிள்ளைகளிடம் பெற்றோரும் பயிற்சியாளர்களும் திரும்பி வரும் தேதியை முன்கூட்டியே கேட்காமல் இருக்கலாம்.