கூந்தல் யாருடையது?

பிறர் காணாத அழகுக்குப் பொருள் உண்டா? இவ்வினா மெய்யியல் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில், வீடுகளின் உள்ளறைகளிலும் இன்று இவ்வினா எழுகின்றது. வீதியில் இறங்கும்பொழுது தலையை முழுவதும் மூடிக்கொள்ளும் இளம் பெண்களுள் சிலர், வீட்டினுள் தம் கருங்கூந்தலில் கீற்றுக் கீற்றாகப் பொன்னிறமோ செம்பழுப்போ ஏற்றிக்கொள்ளத் தலைப்பட்டுள்ளனர். முடியை மெல்லிய கற்றைகளாகப் பிரித்து, நிறம் நீக்கும் பசையைப் பூசி, அலுமினியத் தாளில் மடித்துவைக்கும் முறை அது. ‘ஹைலைட்’ என்ற பெயரால் அதனை அவர்கள் அறிவர்.

ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், நம்மிடம் முன்னர் பயின்ற மாணவி ஒருத்தி நம் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை நீக்கினாள். காதுக்கு மேலே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அதனையடுத்த முடி வைக்கோலைப்போல் முறிந்துகிடந்தது. “உம்மாக்கிட்டச் சொல்லல்ல, டீச்சர்” என்றாள். நாம் அவளிடம் முதலிற் கேட்டது, “உனக்கு எதற்கு இந்த வேலை?” என்பதே. எதைப் பூசினாய், எவ்வளவு நேரம் வைத்திருந்தாய், இன்னும் எரிகின்றதா என்று நாம் கேட்கவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றதெல்லாம் பின்னரே. புண் ஆறிவிட்டது. ஆயினும் நம் வாயிலிருந்து முதலில் வந்த அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

பெண்ணின் கூந்தலைப் பற்றிப் பேசுவோருக்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை. படைப்பை மாற்றுதல் பாவம் என்பார் ஒரு சாரார். நாம் மார்க்கத் தீர்ப்பு வழங்க முன்வரவில்லை. எனினும், மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாபா வெண்ணரையுடன் வந்தபொழுது, அந்நரையின் நிறத்தை மாற்றுமாறும் கருமையைத் தவிர்க்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள் என்னும் ஹதீஸை நம் மூத்தம்மாக்களும் அறிவர். மருதோன்றியால் உள்ளங்கையும் நரைத்த தலையும் சிவந்த பரம்பரை நம்முடையது. மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் பொருள் முடியின் புரதத்தோடு பிணைந்து சிவப்பைத் தருகின்றது. அதுவும் இரசாயனமே. நிறம் மாற்றுதல் என்ற ஒன்றையே குற்றமெனக் கொண்டால், மூத்தம்மாவின் மருதோன்றிக் கிண்ணத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நேரிடும்.

முற்போக்காளராகிய நாம் மற்றொரு சாரார். பொன்னிறக் கூந்தலே அழகு என்பது ஐரோப்பிய ஆதிக்கம் விட்டுச்சென்ற எச்சம் என்போம். 1907இல் பாரிஸ் நகரில் யூஜின் ஷுவெலர் என்பவர் செயற்கைக் கூந்தற் சாயம் ஒன்றை உருவாக்கியதையும், 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய லோரியால் என்பதையும் எடுத்துக்காட்டி, சந்தையின் சூழ்ச்சி என்போம். இதில் உண்மை உண்டு. அரசோ மூன்றாவது நீதிபதி. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் முகத்தை மூடும் ஆடைக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ்த் தடை வந்தது. 2024இல் திருகோணமலையில், காதுகளை மூடியவாறு உயர்தரப் பரீட்சை எழுதினர் என்பதற்காக 70 முஸ்லிம் மாணவியரின் பெறுபேறுகள் முதலில் நிறுத்திவைக்கப்பட்டன. மூடினாலும் குற்றம், மூடிய துணிக்குள்ளே நிறம் ஏற்றினாலும் குற்றம். மூவரும் பெண்ணின் தலையைப் பற்றிப் பேசுகின்றனர். அவளிடம் பேசுவோர் எவருமிலர்.

“யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு அலங்காரம்?” என்று சிலர் நகைப்பதுண்டு. அலங்காரம் முழுவதும் ஆடவர் கண்ணுக்காகவே என்ற எண்ணத்தை உள்ளடக்கியது இந்நகைப்பு. நம் கரையோரத்தில் மகளுக்குத் தாய்வீட்டார் வீடு கட்டிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். அவ்வழக்கத்தோடு ஒட்டிய சீதனக் கொடுமைகளை நாம் மறக்கவில்லை. எனினும் அவ்வீட்டினுள் பெண்ணுக்கு ஓர் உலகம் உண்டு: தாய், ராத்தா, தங்கை, அயல்வீட்டுத் தோழியர் கூடும் உலகம். அங்கே ஒருத்தி தன்னைக் கண்ணாடியிற் பார்த்து மகிழ்வதற்கு வீதியின் சான்றிதழ் தேவையில்லை. எனவே, யார் பார்க்கின்றார் என்பது இங்கு உரிய கேள்வியன்று. யார் தீர்மானித்தார், எந்த அறிவைக் கொண்டு தீர்மானித்தார் என்பனவே உரிய கேள்விகள்.

அறிவு என்னும் இடத்திலேயே நாம், ஆசிரியராகிய நாம், குற்றவாளிகளாகின்றோம். அம்மாணவி ஐதரசன் பரவொட்சைட்டைப் பற்றி வகுப்பிற் படித்தவள். அதன் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதியவள். ஆனால் தான் வாங்கிய போத்தலில் இருந்ததும் அதுவே என்பதை அவள் அறியவில்லை. போத்தலின் மேல் 40 என்ற எண் இருந்தது. எண் பெரிதானால் நிறம் விரைவில் வரும் என எண்ணினாள். 10 என்றால் நூற்றுக்கு 3 பங்கு, 20 என்றால் 6, 40 என்றால் 12 என்னும் எளிய கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போத்தலில் எச்சரிக்கை இருந்தது, தமிழில் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தோலை எரிக்கவல்ல ஒரு திரவம் நம் பிள்ளையிடம் அவளது மொழியிற் பேசவில்லை.

அந்தத் தாள் மடிப்புக்குள் நிகழ்வது யாது? முடிக்குக் கருமை தருவது மெலனின் என்னும் பொருள். பசை முடியின் புறச்செதில்களைத் திறந்து உட்சென்று அதனைச் சிதைக்கின்றது. கருமுடி ஒரே பாய்ச்சலிற் பொன்னாவதில்லை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாகவே வெளிறும். தாள் ஒரு கற்றையை மற்றதிலிருந்து பிரிக்கின்றது. அதேவேளை வெப்பத்தையும் தேக்குகின்றது. ஆகவே முதன்முறை செய்பவர் 20க்கு மேற்பட்டதைத் தொடாதிருத்தல் வேண்டும். காதின் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு பூசி 48 மணித்தியாலம் பொறுத்திருத்தல் வேண்டும். பின் மறைவான ஒரு கற்றையிற் சோதித்தல் வேண்டும். கையுறை அணிந்து, உலோகமல்லாத கிண்ணத்திற் கலந்து, தோலிற் படாமல் வேரினின்று சற்று விலகிப் பூசி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மடிப்பைத் திறந்து பார்த்தல் வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் வைத்தலாகாது. எரிந்தால் அக்கணமே கழுவுதல் வேண்டும். கடையில் வாங்கிய மருதோன்றித் தூளை முன்பு பூசியிருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். சில தூள்களிற் கலந்துள்ள உலோக உப்புகள் பரவொட்சைட்டோடு சேர்ந்து சூடேறி முடியைக் கருக்கிவிடும்.

இவற்றை இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று வாசகர் வினவலாம். தன் உடலைத் தானே ஆளும் உரிமை என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. 48 மணித்தியாலம் காத்திருக்கும் பொறுமையாகவும், எண்ணின் பொருளை அறியும் அறிவாகவும் அது கைக்கு வந்து சேருதல் வேண்டும். அறிவற்ற உரிமை சந்தைக்கே இலாபம்.

இங்கு உழைப்பின் கேள்வியும் உண்டு. காசுள்ளவள் சலூனுக்குச் செல்கின்றாள். நிறம் நீக்கும் தூளிலுள்ள பேர்சல்பேற்று உப்புகள் அழகுக்கலைத் தொழிலாளருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குதல் மருத்துவம் அறிந்த உண்மை. காற்றோட்டமற்ற அறையில் நாள்தோறும் அத்தூளைச் சுவாசிப்பவளை நாம் நினைப்பதில்லை. நம் ஊர்களில் சவரமும் சுன்னத்தும் செய்துவந்த ‘ஒஸ்தா’ மரபினரின் கத்தியை நாம் வேண்டினோம். பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்றோம். மணவுறவில் மட்டும் அவர்களைத் தள்ளிவைத்தோம். தலையை அழகாக்கும் கையை இழிவென்று கருதும் சமூகம், அழகைப் பற்றி ஒழுக்கம் பேசத் தகுதியுடையதா?

நிற்க. அறிவு மட்டும் போதுமா? கணக்கை நன்கு அறிந்த ஒருத்தி தன் கருமையை வெறுத்தே அதனை நீக்க முற்படலாம். மருதமுனைத் தறிகளை நோக்குவோம். நூலுக்குச் சாயமேற்றுமுன் அதனை வெளிற்றும் நெசவாளி, நூலை வெறுத்து வெளிற்றுவதில்லை. வரப்போகும் வண்ணத்துக்காக அதனை ஆயத்தம் செய்கின்றான். அலங்காரமும் இருவகைப்படும். இருப்பதன்மேல் மகிழ்ச்சியோடு ஒன்றைச் சேர்ப்பது ஒன்று; இருப்பதை எண்ணி நாணி மறைப்பது மற்றொன்று. முன்னது விளையாட்டு; பின்னது அடிமைத்தனம். இரண்டும் ஒரே போத்தலிலிருந்து வரக்கூடும். வேறுபாட்டை அவளே அறிவாள். ‘இந்நிறம் இல்லாவிடினும் நான் குறைந்தவள் அல்லேன்’ என்று கண்ணாடியின் முன் அவளாற் சொல்ல முடியுமாயின், அந்தக் கீற்றைப் பற்றி நாம் கவலைகொள்ள ஏதுமில்லை. அவ்வாறு சொல்ல முடியாதாயின், அவளை ஏசுவது நம் வேலையன்று. கருமையை இழிவாக்கிய உலகத்தோடு போராடுவதே நம் வேலை.

சில மாதங்களின் பின்னர் அவள் மீண்டும் வந்தாள். முறிந்த முடி வளர்ந்திருந்தது. மறுபடியும் செய்து பார்க்க விரும்புவதாகச் சற்றுத் தயங்கிச் சொன்னாள். இம்முறை நாம் “எதற்கு?” என்று கேட்கவில்லை. போத்தலைக் கொண்டுவரச் சொன்னோம். இருவரும் அமர்ந்து அதிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினோம். படித்து முடித்தபின், செய்வதா விடுவதா என்பதை அவளிடமே விட்டோம்.