திருவடியும் ஸ்ரீபாதம் தாங்குவாரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்தில் கருடாழ்வாருக்குப் பெரிய திருவடி என்று திருநாமம். எம்பெருமானைத் தோளில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, அவன் திருவடிகளைத் தம் கைகளில் ஏந்துகையாலே, ஏந்திய பொருளே ஏந்தியவருக்குப் பெயராயிற்று.

ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தில் இவரை அடியவர், தோழர், வாகனம், ஆசனம், கொடி என்று அடுக்கிக்கொண்டு போகிறார். முடிவில், எம்பெருமானின் திருவடிகள் அழுந்தியதால் உண்டான தழும்பே இவருக்கு அழகு என்று தலைக்கட்டுகிறார். சிறகையும் அலகையும் விட்டுத் தழும்பை அழகாகக் கண்டது ஏன்? அது கைங்கர்யத்தின் அடையாளம் ஆகையாலே.

தாயின் அடிமைத்தளை நீங்க அமுதம் கொணர்ந்தவர் கருடன். கலசம் கையில் இருந்தும் ஒரு துளி பருகவில்லை. அதைக் கண்டு உகந்தே எம்பெருமான் அவருக்கு வரமளித்தான் என்று மஹாபாரதத்து ஆதி பர்வம் கூறும்.

திருநறையூராகிய நாச்சியார்கோயிலில் கல் கருடன் எழுந்தருளியிருக்கிறார். அங்கே மூலவரும் அவரே, உத்ஸவரும் அவரே. மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாடு. ஸந்நிதியில் நால்வர் தாங்குபவரை, வெளியே வர வர எண்மர், பதினாறு பேர், முப்பத்திருவர், அறுபத்து நால்வர் தாங்க வேண்டும். அன்னத்தின்மேல் முன்னே எழுந்தருளும் தாயாரை முந்தாதிருக்கவே கருடன் கனக்கிறார் என்பர் பெரியோர்.

அப்படித் தாங்குவோர்க்கு ஸ்ரீபாதம் தாங்குவார் என்று பெயர். ஸ்ரீபாதம் என்றாலும் திருவடி என்றாலும் பொருள் ஒன்றே. கருடனுக்கு எந்தப் பெயரோ அதே பெயர் இவர்களுக்கும்! எம்பெருமானைக் கருடன் சுமக்கிறார். கருடனை இவர்கள் சுமக்கிறார்கள். வாகனத்தைத் துடைத்து, தண்டுகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்தி, திருமேனி குலுங்காதபடி அடி வைக்கிறார்கள். வீதியெங்கும் நாம் கைகூப்பிச் சேவிக்கும்போது, தண்டின் கீழிருக்கும் அவர்களுக்குப் பெருமாள் திருமுகம் தெரிவதில்லை. கலசத்தை ஏந்தியும் பருகாத நிலை அன்றோ இது!

அடியேன் வங்கிப் பணியில் ஓய்வு பெற்றபின், ஒரு திவ்யதேசத்து உத்ஸவக் கணக்கெழுதும் கைங்கர்யம் கிட்டிற்று. புஷ்பம், தளிகை, விளக்கு என்று தனித்தனித் தலைப்பிட்டு எழுதிவிட்டு, ஸ்ரீபாதம் தாங்குவார்க்குக் கொடுத்த சிறு தொகையை 'இதரச் செலவு' என்பதில் சேர்த்தேன். கருடஸேவை முடிந்த இரவு, அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் மண்டபத்தில் மேல்துணியைக் களைந்து அமர்ந்திருந்தார். தோளில் எலுமிச்சை அளவு காய்த்த தழும்பு. அதைக் கண்டதும் ஆளவந்தார் அருளிச்செய்தது நெஞ்சில் தைத்தது. அந்தத் தழும்பையா இதரம் என்று எழுதினோம்! மறுநாளே தலைப்பைத் திருத்தினேன். ஆனால், அத்தனை ஆண்டுகள் வீதியில் நின்று சேவித்தும் அந்தத் தோளைக் காணாத கண்ணைத் திருத்துவது அவ்வளவு எளிதாக இல்லை.

ஆகையால் பாகவதர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த கருடஸேவையில் பெருமாளைச் சேவித்தபின், பார்வையைச் சற்றே கீழே இறக்குங்கள். வாகனம் இறங்கும் இடத்தில் மோரும் நீரும் முதலில் அவர்களுக்குச் சேரட்டும். அவர்கள் தோள்களைக் காப்பதும் கருட கைங்கர்யமே.

அடியேன் ராமாநுஜ தாஸன்.