சும்மா போவதற்கு ஒரு வண்டி

எங்கள் காலனிப் பையன் ஒருவனிடம் நான் சொன்ன வார்த்தை இன்னும் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது. "ஊர்த்தெரு முனையிலயே இன்ஜின ஆஃப் பண்ணிடு. தள்ளிக்கினு தாண்டிட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணு. எதுக்குடா வம்பு?" என்றேன். மேடை ஏறினால் சுயமரியாதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான்.

மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலனியிலிருந்து கூட்டேரிப்பட்டு போகிற ரோட்டைப் பிடிக்க ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பையன் திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். இரண்டு வருசம் கூலியில் மிச்சம் பிடித்து, எவர் வீட்டுக் கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கினான். 1985-இல் வந்து, 1996-இல் கம்பெனி நிறுத்திவிட்ட வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். அதை வாங்குகிற காசுக்குத் தவணையில் புது வண்டியே எடுத்திருக்கலாம். அவனுக்கு இதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவான். கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டில் அடைத்திருந்த கசடை எடுத்தான். சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் கரி கட்டிக்கொள்ளும். வண்டி மூச்சு முட்டும், இழுக்காது. அந்தக் கரியைச் சுரண்டி எடுத்து மாட்டிய அன்றைக்கு இரண்டாவது கிக்கில் வண்டி பேசியது. காலனிப் பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று கத்தினார்கள். கம்பெனி சைலன்சர்தான். ஓட்டை போட்டு ஊரை அலற வைக்கிற ஜாதி இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தம்தானே பிரச்சனை என்று யாராவது கிளம்புவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் மறித்தார்.

"எங்கடா போற?"

"சும்மாதான்."

"சும்மாவா? சும்மா சுத்தறதுக்கு ஒனக்கு இந்தத் தெருதான் கெடச்சுதா?"

அடி விழவில்லை. ராத்திரி நாலு பேர் காலனி முனையில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அவன் என்னிடம் வந்தான். நான் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அந்தப் பெரியவர் எங்கள் ஆட்கள் வண்டி ஓட்டுவதே பொறுக்காதவர் என்று சொல்ல முடியாது. டிவிஎஸ் 50-இல் அவர் நிலத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போகிற எங்கள் சித்தப்பாவைப் பார்த்து, "மெதுவா போப்பா" என்கிறவர்தான். உர மூட்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு, பட்டறைக்கு, கல்குவாரிக்கு என்று பதில் சொல்ல முடிகிற பயணத்தைச் சாதி சகித்துக்கொள்ளும். பறையன் உடம்பு எங்கே போனாலும் யாருக்காவது உழைக்கப் போகிறது என்று ஆகிவிட்டால் நிம்மதி. 'சும்மா' என்ற பதிலில்தான் அதற்கு நெருப்புப் பற்றுகிறது. சும்மா போகிறவனுக்கு அவனுடைய பொழுது அவனுடையது. நம்முடைய பொழுது நம்முடையது என்று இந்த ஊரில் யார் எப்போது ஒத்துக்கொண்டார்கள்? எங்கள் தாத்தா அடித்த பறையும் சத்தம்தான். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு அடிக்கச் சொன்ன சத்தம். கூப்பிடாமல் நாமே எழுப்புகிற சத்தம்தான் காதைக் குடைகிறது.

1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டினார். புலையர் நடக்கக்கூடாத சாலை அது. அந்த வண்டியில் அவர் நெல் ஏற்றிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல உடுப்பு உடுத்தி, மணி கட்டிய மாடு பூட்டி, ஏறி உட்கார்ந்து போனார். போவதுதான் வேலை. இங்கே சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத்தெருவும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசு ஒத்துக்கொண்டது 1924-இல். 1929-இல் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கிய அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு போக எந்த டோங்காக்காரனும் சம்மதிக்கவில்லை. அவரை நடக்க விட மனமில்லாத சேரி மக்கள், ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆளையே ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் மாட்டி, அவர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. அரசாங்கம் அமைத்த கமிட்டியின் உறுப்பினராக வந்தவர் அவர்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ராணுவத்துக்கென்று வாங்கத் தொடங்கி, பிறகு சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி புல்லட். நம் பக்கத்தில் அது இன்ஸ்பெக்டரும் மிராசும் ஏறி வருகிற வண்டியாகவே மனதில் பதிந்துபோனது. ஆக்சிலேட்டரை முறுக்குகிற கையைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த பயத்தில்தான் பையனை உருட்டச் சொன்னேன். பயம் நியாயமானதுதான். அதனால் சொன்னதும் நியாயமாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

பயத்தை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. எனக்குள்ளேயே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். "இந்தக் காசுக்கு டிகிரி முடிச்சிருக்கலாமே, வீட்டுக்கு ஓடு மாத்தியிருக்கலாமே" என்று தோழர்கள் கேட்டபோது நானும் தலையாட்டினேன். ஒடுக்கப்பட்டவன் ஆசைகூட உபயோகமானதாக இருக்க வேண்டும் என்கிறோம். படிப்பு, போராட்டம், வேலை. ஊர்த்தெருக்காரன் கேட்ட 'எங்கடா போற' என்பதையே நாங்கள் 'தோழர்' சேர்த்துக் கேட்கிறோம். அவனுடைய அக்கா கேட்டதை எழுதினால்தான் கணக்கு நேராகும். "தம்பிக்காவது ஊர்லதான் கேக்கறாங்க. நான் ஸ்கூட்டிய எடுத்தா நம்ம காலனிக்குள்ளயே கேக்கறாங்க, எங்க போறேன்னு." இதற்கு என்னிடம் பதில் இல்லை.

1974-இல் ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர், ஜென் தத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் இணைத்து ஒரு புத்தகம் எழுதினார். கருவியைத் தொட மறுக்கிறவன் உலகத்திலிருந்தே விலகிப்போகிறான் என்பதுபோல அவர் யோசனை போகிறது. நல்ல யோசனை. ஆனால் அவர் நாட்டில் கிரீஸ் பட்ட கையைக் கழுவினால் போய்விடும். இங்கே தோலைத் தொட்டவன், பிணத்தைத் தொட்டவன், துணி வெளுத்தவன் கை தலைமுறை தலைமுறையாகக் கழுவினாலும் போகாத கையாக ஆக்கப்பட்டது. கருவியைத் தொடாதவன் தத்துவம் எழுதினான். பட்டறையில் ஆறு நாளும் முதலாளிக்காக அழுக்காகிற கை, ஏழாவது நாள் தனக்காக அழுக்காகிறது. ஒரே கிரீஸ்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் அதைத் துடைக்காமலே டீ குடிக்கிறான், பார்த்திருக்கிறேன்.

இப்போது அவன் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறான். என் புத்திமதி அவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது. மழை பெய்தால் கரை முழுக்கச் சேறு, செயினில் மண் அப்பிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் அதைக் கழுவும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து டீசல் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக் கொடுக்கிறேன். பல நாள் ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. போன வாரம் செயினை மாட்டி முடித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினான்.

"நீ ஒரு ரவுண்டு போயிட்டு வாண்ணா. ஊர்த்தெரு வழியா."

எனக்குக் கியர் வண்டி வராது என்றேன். பொய்.

"அப்ப பின்னால ஒக்காரு" என்றான்.