மாடு விற்றலும் கொலைப்பங்கும்

சைவ பாடசாலை யொன்றிலே கொல்லாமை என்னும் பாடம் நடைபெறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் உயிர்க்கொலையின் தீமையை விரித்துரைத்து முடித்தபின், வயற்குடியிற் பிறந்த சிறுவனொருவன் எழுந்து, "ஐயா, எங்கள் கிழட்டு எருதை அப்பா போன கிழமை கல்முனையிலிருந்து வந்த வியாபாரிக்கு விற்றார். அதை அறுத்திருப்பார்கள். பாவம் வியாபாரிக்கா, அப்பாவுக்கா?" என்று வினாவுகின்றான். ஆசிரியர் யாது விடை பகர்வர்? "வெட்டினவனுக்கே" எனின், சிறுவன் மனம் ஆறும்; உண்மை மறையும். "உன் தந்தைக்கும் உண்டு" எனின், அவ்வெருதை விற்ற பணத்தால் வாங்கிய சட்டையை அணிந்து வந்த பிள்ளை தலைகுனியும். இவ்விடர்ப்பாட்டினின்றும் நழுவாது வினாவினை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடத்தின் இயல்பை நோக்குவாம். 1961இல் அம்பாறை மாவட்டம் வேறாக்கப்படுமுன் மட்டக்களப்போடு ஒன்றாயிருந்த இக்கடற்கரையிலே, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என முஸ்லிம்கள் மிக்கு வாழும் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய சைவத் தமிழூர்களும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. இருசாராருக்கும் தாய்மொழி தமிழே. மேற்கே பரந்த வயல்களில் இருசாராரும் வேளாண்மை செய்கின்றனர். இருசாராரிடத்தும் மாட்டுப்பட்டிகள் உள. ஆதலின், வளர்ப்பவன் சைவன், வெட்டுபவன் முஸ்லிம் என்று கோடு கிழித்தல் உண்மைக்கு மாறாகும். முஸ்லிம் உழவனும் தன் பசுவை நேசிக்கின்றான். சைவ உழவனும் தன் பசுவை விற்கின்றான்.

இனி, விலை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் வேண்டும். உழவுக்கு எருது வாங்குவோன் பல்லையும் சுழியையும் நடையையும் பார்ப்பான். இறைச்சிக்கு வாங்குவோன் தசை எத்துணை தேறும் என்று கண்மதிப்பால் அளப்பான். ஹஜ்ஜுப் பெருநாள் அணுகுங்கால் விலை ஏறும். அப்பெருநாள் சந்திர ஆண்டைப் பின்பற்றுதலின், ஆண்டுதோறும் ஏறக்குறையப் பதினொரு நாள் முன்வருவது. உழவனுடைய தேவையோ போகத்தைப் பின்பற்றுவது. விதைநெல்லுக்குப் பணமில்லாத காலத்தும், மழை பொய்த்துப் புல் கருகிய காலத்தும் பலரும் ஒருங்கே விற்க முற்படுவராதலின், அப்பொழுது விலை வீழும். குர்பானுக்கு நொண்டியும் குருடும் மெலிவும் இல்லாத, ஈராண்டு நிறைந்த மாடே வேண்டும். ஆகவே, உழைத்து மெலிந்த மாடு சேர்வது பெருநாளுக்கன்று. அன்றாட இறைச்சிக்கடைக்கே என்க. அக்கடை நடத்தும் உரிமையை உள்ளூராட்சி மன்றங்கள் கேள்வி கோரிக் குத்தகைக்கு விடுகின்றன. அக்குத்தகைப் பணம் பொதுநிதியிற் சேர்கின்றது. நம் தெருவிளக்கின் ஒளியிலும் அதன் துளி யொன்று உண்டு.

உழவர் கூறுவனவற்றையும் கேட்டல் நீதியாம். "முன்னே எருமை வயலை மிதித்தது, மாடு சூடு மிதித்தது, இன்று எல்லாவற்றையும் இயந்திரம் செய்கின்றது. வேலையற்ற மாட்டை எதனால் வளர்ப்பேன்?" என்பது ஒன்று. இதன் பாரத்தைக் கணக்கிட்டுக் காண்க. மாடொன்று நாடோறும் தன் நிறையிற் பத்திலொரு பங்களவு பசும்புல் உண்ணும். 250 கிலோ நிறையுள்ள மாட்டுக்கு 25 கிலோ. அது உழைப்பு ஓய்ந்தபின் எட்டாண்டு வாழுமாயின், 73,000 கிலோ புல் வேண்டும். "மேய்ச்சற்றரை எங்கே?" என்பது மற்றொன்று. வட்டமடு மேய்ச்சற்றரை பற்றி மாடு வளர்ப்போருக்கும் பயிர்செய்வோருக்கும் நெடுநாளாக வழக்கு உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்காகப் பண்ணையாளர் 2023இல் வீதியோரத்தமர்ந்து போராடத் தொடங்கினர். இவை வெறுஞ் சாக்குகள் அல்ல.

இனித் தடை விடைகளாற் பொருளைத் தெளிவாம்.

தடை: விற்றபின் மாடு வாங்கினவனுடையது, அதன்பின் நிகழ்வது அவன் செயல். விற்றவனுக்கு அதிற் பங்கில்லை.

விடை: அற்றன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூவகைப்படுத்துதல் நம்மவர் வழக்கு. தசையை மதித்துச் சொன்ன விலையைக் கைநீட்டி வாங்கியவன், அம்மாடு எங்கே செல்கின்றது என்பதை அறியேன் என்னல் ஆகாது. விலையே சாட்சி. திருவள்ளுவரும் புலான்மறுத்தல் அதிகாரத்திலே கொல்வானோடு அமையாது, கொள்வார் உளராதலினாலே விற்பாரும் உளர் என்னும் தொடர்பையும் காட்டினார். அத்தொடர்ச் சங்கிலியில் மாட்டை விற்றவனும் ஒரு கண்ணியே.

தடை: அங்ஙனமாயின் வறிய உழவன் பட்டினி கிடந்தோ பாவந் தீர்ப்பது?

விடை: வறுமை அவன் பங்கைக் குறைக்கும். ஆயின், குறைந்த பங்கு மறைந்து போவதன்று. உதவ வல்லராயிருந்தும் உதவாதவர்மேற் செல்லும்.

தடை: யாம் புலால் உண்ணேம், பாலும் தயிரும் நெய்யுமே கொள்வேம். எமக்கு இதில் என்ன?

விடை: இதுவே கூர்ந்து நோக்கற்பாலது. பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈனுங் கன்றுகளிற் பாதி ஆண். உழவும் வண்டியும் ஒழிந்த இந்நாளில் அவ்வாண்கன்றுகள் எங்கே செல்கின்றன? பாற்பசுவின் வரவுசெலவிலே, பாலின் விலையோடு, ஆண்கன்றும் கிழட்டுப் பசுவும் இறைச்சிக்குத் தரும் விலையும் அடங்கியுள்ளது. அவ்விலை நீங்கின் பாலின் விலை ஏறும். அபிடேகத்துக்குப் பால் கொண்டுசெல்லும் நாமும் இக்கணக்கினுள்ளே நிற்கின்றோம்.

தடை: எனின், சட்டத்தினாலே கொலையைத் தடுத்துவிட்டாற் போதுமன்றோ?

விடை: அதனையும் நோக்குக. 2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுத்தலைத் தடைசெய்யக் கொள்கையளவில் இணங்கியது. 2021 ஒக்டோபரில், 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் உட்படச் சட்டங்களைத் திருத்த இசைந்தது. ஆயினும் அத்தடை நடைமுறைக்கு வந்திலது. அத்தீர்மானத்திலேயே, உண்போருக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து வருவித்துச் சலுகை விலையிற் கொடுத்தல் என்பதும் சொல்லப்பட்டது. நம் நாட்டுப் பசுவின் உயிர் உயிர். பிறநாட்டுப் பசுவின் உயிர் உயிரன்றோ? இது கொலையைக் கண்மறைவாக்குதலன்றிக் கொல்லாமை ஆகாது. வேலையற்ற மாடுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்பதும் அதிற் கூறப்பட்டது. வேண்டப்பட்டது முதலில் அதுவே. இந்தியாவிலும் 2017 மே 23இல், சந்தைகளில் மாட்டைக் கொலைக்கு விற்றல் ஆகாதென விதி பிறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை ஒரு கிழமைக்குள் அதனை நிறுத்திவைத்தது. ஜூலை 11இல் உச்சநீதிமன்றம் அந்நிறுத்தத்தை நாடு முழுமைக்கும் ஆக்கியது. கிழட்டு மாட்டுக்கு விலையின்றேல் புதுமாடு வாங்க முதல் ஏது என்னும் உழவர் வினாவுக்கு அவ்விதியில் விடை இருந்திலது.

அங்ஙனமாயின் சைவநெறி காட்டும் வழி யாது? சண்டேசுர நாயனார் வரலாற்றினை நினைமின். சேய்ஞலூரிலே விசாரசருமர், ஆயன் ஒருவன் பசுவை அடித்தலைக் கண்டார். அவனைத் தடுத்தார், அவ்வளவில் நின்றாரல்லர். "இனி இவற்றை யானே மேய்ப்பேன்" என்று அத்தொழிலைத் தம்மேற் கொண்டார். திருமூல நாயனாரும் சாத்தனூரிலே மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களைக் கண்டு இரங்கி, அம்மேய்ப்பன் உடலிற் புகுந்து அவற்றை வீடு சேர்த்தார். இவ்விருவரும் பசுவுக்கு இரங்கிய இரக்கம், பசுவை மேய்க்கும் பாரத்தைத் தாங்கிய இரக்கமாகும். பழித்தல் எளிது, புல் அறுத்துப் போடுதல் அரிது. அயலூராரின் கடையை நோக்கிச் சினந்து, தம் பட்டியை நோக்காதிருத்தல் சைவமன்று, வெறும் பகைமையே.

ஆகவே ஆசிரியர்கள் செய்யத்தக்கன சில உள. ஊரிலுள்ள கோயில் ஒவ்வொன்றும், திருவிழாவில் வாணத்துக்குச் செலவிடும் பொருளிற் சிறிது எடுத்து, உழைத்தோய்ந்த மாடு சிலவற்றையேனும் சாமளவும் காக்கலாம். அம்மாடுகள் பாலும் உழைப்பும் தாராவிடினும் சாணம் தரும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபொழுது அதன் அருமையை உழவர் அனைவரும் உணர்ந்தனர். மேய்ச்சற்றரை காக்கும் முயற்சியில் முஸ்லிம் பண்ணையாளரோடும் கூடி நிற்கலாம். புல்லுக்குச் சமயம் இல்லை. பாலுக்குச் சிறிது மிகுத்து விலை கொடுக்கலாம். இவற்றால் எல்லா மாடும் பிழைக்கும் என்று யாம் கூறவில்லை. பிழைக்கும் மாடு ஒன்றாயினும், அதற்கு நாம் பொருள் கொடுத்தோம் என்பது உண்மையாயிருக்கும்.

இனி அச்சிறுவனுக்கு விடை கூறுவாம். "தம்பி, உன் அப்பாவுக்கும் சிறிது பங்கு உண்டு, வியாபாரிக்கும் உண்டு, தின்றவருக்கும் உண்டு. அந்த எருதைக் காக்க அப்பாவுக்கு ஒரு கட்டுப் புல்லும் கொடாத எனக்கும் உண்டு. உங்கள் வீட்டில் இனி ஒரு மாடு ஓயும்போது, விற்குமுன் என்னிடம் வந்து சொல்." இவ்விடையைச் சொல்லத் துணிந்த ஆசிரியர், சிறுவன் வந்து சொல்லும் நாளுக்காகப் புல்லுக்கு வழி தேடி வைத்திருத்தல் வேண்டும்.