கூட்டு ஆதனம்: எவருடைய கூட்டு?

பல உரிமையாளர் தத்தமக்குரிய மாடிவீடுகளில் வாழ்ந்து, நிலத்தையும் படிக்கட்டையும் மின்தூக்கியையும் பொதுவில் ஆளும் முறைக்கு நம் நாட்டுச் சட்டமொழி 'கூட்டு ஆதனம்' எனப் பெயரிட்டுள்ளது. கூட்டு என்பது நமக்கு இனிய சொல். கூட்டுறவு, கூட்டு முயற்சி, கூட்டுப் போராட்டம் என்றெல்லாம் அதனை வழங்கி வந்துள்ளோம். ஆயின், கொழும்பு கொம்பனித்தெருவிலே பேரை வாவிக் கரையில் எழுந்துள்ள ஆடம்பர மாடங்களை நோக்கும்போது, இக்கூட்டிலே சேர்க்கப்பட்டோர் யாவர், விலக்கப்பட்டோர் யாவர் என்னும் வினா எழாமற் போகாது.

அங்கே 'அல்தெயார்' என்னும் பெயருடன் 68 மாடிகளும் 63 மாடிகளும் கொண்ட இரு கோபுரங்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தவாறு நிற்கின்றன. அவற்றை வகுத்தவர் மோஷே சப்டி என்னும் புகழ்வாய்ந்த கட்டடக் கலைஞர். கட்டியோரின் திறமையை எவரும் மறுக்கார். முன்னாளிலோ இவ்வாவியைச் சூழப் பண்டசாலைகள் நின்றன; துறைமுகத்துக்குரிய சரக்குகள் இந்நீர்வழியே படகேறிச் சென்றன. சுமை தூக்கியோரும் வண்டி வலித்தோரும் சிறு கடை வைத்தோரும் உணவுச்சாலை நடத்தினோரும் இங்கே நெருங்கி வாழ்ந்தனர். மலாயரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் அண்டை அயலாராயிருந்த தெருக்கள் இவை. இங்குள்ள வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டிலே தோன்றியது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடம் என்பதை இப்பகுதியின் முன்னைய ஆங்கிலப் பெயர் நினைவூட்டுகின்றது.

வசதியாக வாழ விரும்புதல் குற்றமா என்று சிலர் கேட்பர். குற்றமன்று. காற்றும் ஒளியும் புகும் வீட்டை விரும்பாதார் யார்? நாம் கேட்பது வேறு. இம்மாடங்களின் பெருவிலை எங்கிருந்து வந்தது? அதே சீமெந்தும் அதே கண்ணாடியும் கொண்டு தொலைவான ஒரு குக்கிராமத்தில் இதே வீட்டைக் கட்டினால் இவ்விலை கிடைக்குமா? கிடையாது. ஆகவே விலையின் பெரும்பங்கு இடத்தின் விலையாகும். இடத்துக்கு மதிப்பளித்தவை துறைமுகமும் புகையிரதப் பாதையும் வாவியும் வீதியும். அவற்றை ஆக்கியது பொதுப்பணமும், தலைமுறை தலைமுறையாக இங்கு உழைத்தோரின் வியர்வையும் ஆகும். மதிப்பைப் படைத்தோர் பலர். அதனை விற்றுப் பயன்கொள்வோர் சிலர். படைத்தோருக்கு இக்கூட்டிலே பங்கில்லை.

பங்கின்மையோடு துன்பம் நின்றதா? 2010ஆம் ஆண்டிலே நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் படையினர் சூழ நிற்க இடிக்கப்பட்டன. அதன்பின் கொழும்பின் வறிய குடும்பங்கள் பல, தெமட்டகொட முதலாய இடங்களில் எழுந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன.

"ஒழுகும் கூரையிலிருந்தும் பொது மலசலகூடத்திலிருந்தும் அவர்களை மீட்டோமே, வறுமையை ஏன் போற்றுகின்றீர்?" என்பர் எதிர்வாதிகள். வறுமையை நாம் போற்றவில்லை. ஒழுகும் கூரை திருத்தப்படல் வேண்டும். ஆனால், கூரையைத் திருத்துதற்கு மனிதரை அவர்தம் தொழிலிலிருந்தும் அயலாரிலிருந்தும் பிரித்தல் எதற்கு? அவர்களும் இன்று மாடியிலேதான் வாழ்கின்றனர். எனவே வேறுபாடு உயரத்தில் இல்லை. ஒருவர் உயரத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். மற்றவர்மீது அது சுமத்தப்பட்டது. மின்தூக்கி பழுதுற்ற நாளிலே, தள்ளுவண்டியில் உணவு விற்பவனுக்கு அவ்வுயரம் சிறையாகின்றது.

சட்டத்தின் போக்கையும் நோக்குக. 1973ஆம் ஆண்டிலே, வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமன் காலத்தில், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை விதிக்கும் சட்டம் வந்தது. வீடு வாழ்வதற்கே, பணம் பெருக்குதற்கன்று என்பது அதன் உட்கருத்து. அதே ஆண்டிலேயே மாடிவீட்டைத் தனியுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது. 2014ஆம் ஆண்டின் சட்டமோ வெளிநாட்டவருக்கு நிலம் கைமாறுவதைத் தடுத்துவிட்டு, நான்காவது மாடியிலும் அதற்கு மேலும் உள்ள கூட்டு ஆதன வீடுகளுக்கு விலக்களித்தது. தாய்மண் என்னும் உணர்ச்சி மூன்று மாடி உயரத்தோடு முடிந்துவிட்டது போலும்!

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் மாடங்களைப் பாடியபோதே அங்கு வாழ்ந்த பரதவரின் வாழ்வையும் பாடிற்று. இருவரும் ஒரே நகரத்தவர் என்பதில் அப்புலவருக்கு ஐயமில்லை. நமக்கு அத்தெளிவு வேண்டும். தெருவின் மதிப்பு உயரும்போது அத்தெருவினர் அங்கேயே நிலைத்திருக்கும் உரிமையும், உயர்ந்த மதிப்பிலே பங்கும் பெறல் வேண்டும். இது கருணையன்று, கடன் தீர்த்தல்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பொறுப்புண்டு. நன்றாகப் படித்தால் உயரலாம் என்று மாணவர்க்கு நாள்தோறும் கூறுகின்றோம். அவ்வுயரத்துக்காக இடம்பெயர்ந்தோர் யார் என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்பித்தோமா?