‘ஏரியா எப்படி?’

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் ரியல் எஸ்டேட் ஏஜென்டிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏரியா எப்படி? எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க?” கூரை போட்டு எத்தனை வருடம், சொத்து வரி எவ்வளவு, ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார். சட்டம் அப்படி. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம், இனத்தைக் காட்டி ஒருவரை ஒரு தெருவுக்கு இழுப்பதையும் இன்னொரு தெருவிலிருந்து விலக்குவதையும் தடை செய்கிறது.

ஏஜென்ட் வாயை மூடிக்கொள்ளலாம். கேட்டவர் மனதிலிருந்து கேள்வி போய்விடாது. அதிலும் அது ஓய்வுக்காலத்துக்கான வீடு, ஊரும் கிராமப்புறம் என்றால் கேள்வியின் கனம் கூடுகிறது. இடம் அமைதி, விலை மலிவு, குளிர் இல்லை, மகள் வீடு இரண்டு மணி நேரப் பயணம். ஆனால் அந்த ஊருக்குக் கறுப்பினத்தவர் என்றால் ஆகாது என்று காதில் விழுகிறது. வீடு தேடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா? எடுத்தால் எவ்வளவு? வெள்ளையரும் அல்லாத, கறுப்பரும் அல்லாத ஒருவருக்கு இதில் என்ன பொறுப்பு?

“ஏரியா எப்படி?” என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, “அங்கே எங்களை எப்படி நடத்துவார்கள்?” மற்றொன்று, “அங்கே ‘அவர்கள்’ இல்லையே?” முதலாவதைக் கேட்க வைப்பது அச்சம், இரண்டாவதைக் கேட்க வைப்பது இளக்காரம். வாயிலிருந்து வரும் சொற்கள் மட்டும் ஒன்றே. கேட்பவருக்கே சில நேரம் எதைக் கேட்கிறோம் என்று தெரிவதில்லை. சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியை விசாரிக்கவும், “சைவம் மட்டும்” என்று சொல்லி வீட்டை வாடகைக்கு விடவும் பழகிய சமூகத்திலிருந்து போனவர்களுக்கு இந்த மறைமொழி புதிதல்ல.

உழைக்கும் வயதில் ஊர் என்பது தூங்கி எழுந்து போகிற இடம். அலுவலகம் ஒரு பக்கம், நண்பர்கள் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் என்று வாழ்க்கை நெடுஞ்சாலைகளில் சிதறிக் கிடக்கும். அண்டை வீட்டுக்காரரின் மனம் எப்படியிருந்தால் என்ன என்று காலம் தள்ளிவிடலாம். எழுபது வயதில் அது நடக்காது. கார் ஓட்டுவது குறைகிறது. உலகம் நான்கு தெருவுக்குள் சுருங்குகிறது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் தீயணைப்பு வண்டியில் வருபவர் பெரும்பாலும் ஊர்க்காரத் தன்னார்வலர். காவல் தலைவரான ஷெரிஃபோ ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்க வரும் கைகள் அந்த ஊரின் கைகள். ஆகவே ஊரின் மனநிலையை “அது அவங்க அவங்க அபிப்பிராயம்” என்று ஒதுக்க முடியாது. ஆஸ்பத்திரி தூரத்தைப் பார்ப்பது போல அதையும் பார்க்கத்தான் வேண்டும். எடை போடுவது தவறல்ல. தட்டில் எதை வைக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது.

ஃப்ளோரிடாவின் லேக் கவுண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒர்லாண்டோவுக்கு வடமேற்கே, பெயருக்கேற்ப ஏரிகள் நிறைந்த பூமி. ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆரஞ்சுத் தோப்பு. 1983, 1985, 1989 என்று அடுத்தடுத்து விழுந்த உறைபனியில் மரங்கள் கருகின, தோப்புக்காரர்கள் நிலத்தை விற்றார்கள், மனைகள் முளைத்தன. மாநில வருமான வரி கிடையாது என்பதும் சேர்ந்துகொள்ள, ஓய்வுபெற்றவர்கள் வந்து குவிந்தார்கள். முதியோர் குடியிருப்புகளில் மிகப் பெரிதான ‘தி வில்லேஜஸ்’ தொடங்கியது இந்தக் கவுண்டியில்தான். கவுண்டித் தலைநகரான டவாரஸில், இந்தியச் சாப்பாடும் பூஜை அறையுமாக இந்திய முதியோரை மனதில் வைத்துக் கட்டிய ‘சாந்திநிகேதன்’ குடியிருப்பும் உண்டு. 1965-ன் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள் இப்போது இட்லியும் சத்சங்கமும் கிடைக்கும் இடம் தேடுவது இயல்பு. ஐம்பத்தைந்து வயது என்று வேலி போட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. நிறத்தால் வேலி போட இடம் தராது.

அதே டவாரஸின் நீதிமன்றத்தில்தான், 1949-ல், செய்யாத பாலியல் குற்றத்துக்காக மூன்று கறுப்பின இளைஞர்கள் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். ‘க்ரோவ்லண்ட் நால்வர்’ வழக்கு என்று பெயர். நான்காமவரான எர்னஸ்ட் தாமஸைத் தேடுதல் கும்பல் ஏற்கெனவே சுட்டுக்கொன்றிருந்தது. அதே கவுண்டியின் க்ரோவ்லண்ட் பகுதியில் கறுப்பினத்தவரின் வீடுகள் எரிந்தன. சார்லஸ் கிரீன்லீக்கு வயது 16 என்பதால் ஆயுள் தண்டனை. சாமுவேல் ஷெப்பர்டுக்கும் வால்டர் இர்வினுக்கும் மரண தண்டனை. 1951-ல் உச்ச நீதிமன்றம் அந்த மரண தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது. மறுவிசாரணைக்காக அந்த இருவரையும் கைவிலங்கோடு காரில் கூட்டிவந்த ஷெரிஃப் வில்லிஸ் மெக்கால், வழியில் இருவரையும் சுட்டார். ஷெப்பர்ட் இறந்தார், இர்வின் செத்ததுபோல் கிடந்து பிழைத்தார். மெக்காலுக்குத் தண்டனை இல்லை. 1972 வரை லேக் கவுண்டி மக்கள் அவரையே மறுபடி மறுபடி ஷெரிஃபாகத் தேர்ந்தெடுத்தார்கள். நால்வருக்கும் மாநிலம் மன்னிப்பு வழங்கியது 2019-ல். நீதிமன்றம் அவர்கள் மேலிருந்த பழியை நீக்கியது 2021-ல். அதைக் கேட்க நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள ஊரில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பது சரியா? எளிய பதில்கள் இரண்டு உண்டு. இரண்டுமே போதாது.

“அதெல்லாம் பழைய கதை, எங்களிடம் எல்லாரும் நன்றாகத்தான் பழகுகிறார்கள்” என்பது முதல் பதில். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவராகவும் பொறியாளராகவும் இருந்து ஓய்வுபெற்ற இந்தியரிடம் அந்த ஊர் உண்மையாகவே அன்பாக இருக்கலாம். தோட்டத்தில் விளைந்த தக்காளியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் ஒருவரிடம் காட்டும் அன்பு இன்னொருவரிடம் காட்டும் நடத்தைக்குச் சாட்சியாகாது. ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் 1912-ல் ஏறத்தாழ 1,100 கறுப்பினத்தவரை அடித்து விரட்டினார்கள். பலர் நிலத்தையும் இழந்தார்கள். 1987 ஜனவரியில் அங்கே நடந்த சமத்துவ ஊர்வலத்தின் மீது கல் விழுந்தது; அடுத்த வாரம் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு மறுபடியும் ஊர்வலம் போனார்கள். இன்று அதே கவுண்டி இந்தியக் குடும்பங்கள் விரும்பி வாங்கும் இடம்; பேரன் பேத்தியோடு இருக்கப் பெற்றோர்களும் வந்து சேர்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே ஆசியரின் எண்ணிக்கை கறுப்பினத்தவரைவிடப் பல மடங்கு. காலியான இடத்தில் குடியேறியவர் விரட்டியவர் அல்ல. ஆனால் அந்த இடம் எப்படிக் காலியானது என்று தெரிந்துகொள்ளக்கூட விரும்பாவிட்டால், அந்த அறியாமைக்கு அவரே பொறுப்பு. விருந்தில் யாரோ கறுப்பினத்தவரைப் பற்றிச் சொல்லும் நகைச்சுவைக்குப் பிறர் சிரிக்கும்போது தானும் புன்னகைக்க வேண்டியிருந்தால், அந்தத் தக்காளிக்கும் ஒரு விலை வாங்குகிறார்கள் என்று பொருள்.

“நிறவெறி பிடித்த ஊரின் தண்ணீர்கூட வேண்டாம்” என்பது இரண்டாவது பதில். கேட்க உயர்வாகத் தெரியும். ஆனால் இதில் தீட்டு பார்க்கும் வாடை அடிக்கிறது. ஊரை விட்டு விலகினால் தான் சுத்தம் என்ற எண்ணத்தால் அந்த ஊரில் வாழும் கறுப்பினத்தவருக்கு எள்ளளவும் பயனில்லை. மேலும், கறை இல்லாத ஊர் எங்கே? இருட்டுவதற்குள் கறுப்பினத்தவர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று எழுதியும் எழுதாமலும் விதி வைத்திருந்த ஊர்களை ‘சன்டவுன் டவுன்’ என்பார்கள். அவற்றைத் தேடிப் பதிவு செய்த சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவென், அவை ஆழ்தெற்கைவிட இல்லினாய், இண்டியானா போன்ற மாநிலங்களில்தான் மலிந்திருந்தன என்று 2005-ல் வெளியான தன் நூலில் காட்டினார். தெற்கைக் கோடு கிழித்து ஒதுக்கிவிட்டு வடக்கில் நிம்மதியாகக் குடியேறுபவர் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார். கறுப்பின முதியவர்களே 1970-களிலிருந்து சிகாகோவையும் நியூயார்க்கையும் விட்டுத் தாத்தா பாட்டி பிறந்த தென்மாநிலங்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது சொந்த மண். கொடுமை செய்தவனுக்கு ஊரையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

இருவரை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தனக்கே ஆபத்து என்று ஓர் ஊரை ஒதுக்கும் கறுப்பினத் தம்பதியர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அறவிசாரணைக்கே இடமில்லை. தனக்கு ஆபத்தில்லை என்று தெரிந்து போகிறவருக்குத்தான் கேள்வி. தமிழர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். ஒரு நாள் மருத்துவர் ஐயா; இன்னொரு நாள், பெட்ரோல் பங்கில், யாரோ முகம் சுளிக்கும் மாநிறக்காரர். அவர் இரண்டையும் பார்த்தவர். அதனாலேயே “எனக்குத் தெரியாது” என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

அப்படியானால் தட்டில் எதை வைப்பது? எத்தனை சதவீதம் யார் என்ற கணக்கையல்ல. அது பழைய வேலியின் மறுபக்கம். ஒரு வாசலில் பறக்கும் நிறவெறிக் கொடியையும் அல்ல. ஒரு வீடு ஊராகாது. ஊர் தன் கதையை எப்படிச் சொல்கிறது, தவறை எதிர்கொள்ளும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் வைக்க வேண்டும். 2019-ல் லேக் கவுண்டி ஆணையர்கள், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து அகற்றப்படவிருந்த, அடிமை முறைக்காகப் போரிட்ட கான்ஃபெடரேட் படையின் தளபதி கிர்பி ஸ்மித்தின் சிலையை டவாரஸுக்குக் கொண்டுவர 3-க்கு 2 என்று வாக்களித்தார்கள். வைக்க நினைத்த இடம், அந்த இளைஞர்களை விசாரித்த அதே பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகம். கவுண்டியின் கறுப்பினக் குடும்பங்களும் வேறு பலரும் எதிர்த்தார்கள், கூட்டங்களுக்கு வந்து பேசினார்கள். 2020 ஜூலையில் ஆணையர்கள் பின்வாங்கினார்கள், சிலை வரவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அந்தக் கட்டடத்துக்கு வெளியே நால்வருக்கும் நினைவுச்சின்னம் எழுந்திருந்தது. மெக்காலைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஊர்தான், இதுவும் அந்த ஊர்தான். ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு நிற்கும் இடத்தில், ஓய்வுபெற்று வந்தவர்களின் வாக்கும் வருகையும் சும்மா அல்ல. நேரம் அவர்களிடம்தான் நிறைய இருக்கிறது. அதை ஊருக்காகச் செலவிடுபவருக்கு அந்த ஊரில் குடியேறுவது பிழையாகாது. வாயிற்கதவுக்குள்ளே இட்லியும் சத்சங்கமும், வெளியே நடப்பது பற்றிக் கவலையில்லை என்று இருப்பவருக்குக் கறையே இல்லாத ஊர் கிடைத்தாலும் இதே கணக்குதான்.

கடைசியாக ஒன்று. வயதானவர்களுக்கு ஊர் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். ஃப்ளோரிடாவில் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்கும் பணிப்பெண்களில் ஹெயிட்டியிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வந்த கறுப்பினப் பெண்கள் ஏராளம். “அவங்க ஏரியா வேண்டாம்” என்று தேடி வாங்கிய வீட்டுக்குள் ஒரு நாள் அவர்களில் ஒருவர்தான் சாவி போட்டுத் திறந்து வருவார். அப்பாவின் முதுகைத் துடைக்கும் கை அவருடையதாக இருக்கும். இரவுப் பணி முடித்து, தெருவிளக்கு இல்லாத கவுண்டி சாலையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அவர் வீடு திரும்புவார். இருட்டுவதற்குள் போய்விடு என்று எந்த ஊர் சொன்னதோ, அந்த ஊரில் இருட்டிய பிறகுதான் அவர் தேவைப்படுகிறார்.

அவர் அந்தச் சாலையில் அச்சமில்லாமல் போக முடிகிறதா? பின்னால் ஷெரிஃபின் வண்டி வந்தால் அவர் கை ஸ்டியரிங்கில் இறுகுகிறதா? குடியிருப்பு வாசலில் பிளம்பரை விட்டுவிட்டு அவரை மட்டும் நிறுத்தி அட்டை கேட்கிறார்களா? ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்தப் பதில்களில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், பார்க்கப் போன குடியிருப்பில் வேலை முடிந்து காரை நோக்கி நடக்கும் அப்படி ஒரு பெண்ணை மரியாதையோடு நிறுத்திக் கேட்கலாம். ஏஜென்டைப் போல மழுப்ப வேண்டிய சட்டக் கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியும் பழையதுதான்: “ஏரியா எப்படி?”