அறியாததைத் தேடுவது எங்ஙனம்?

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தைச் சூழ்ந்து நிற்கும் அலுவலகங்களுக்குக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி வரும் நம் இளைஞர்களுள் கணினி நிரல் எழுதுவோர் பலர்; அவர்கள் நாழிகைதோறும் செய்யும் ஒரு சிறு காரியத்துக்குள், தத்துவ விசாரம் செய்த பெரியோர் நூற்றாண்டுகளாக வாதித்துவந்த ஒரு வினா ஒளிந்திருக்கிறது. பெரிய மென்பொருள் ஒன்றில் கோப்புகள் ஆயிரக்கணக்கில், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடைந்து கிடக்கும். வேண்டிய கோப்பின் பெயர் முழுவதும் எவருக்கும் நினைவில் நில்லாது. ஆகவே தேடுபெட்டியைத் திறந்து, ஞாபகத்தில் எஞ்சிய இரண்டொரு எழுத்துகளை மட்டும் தட்டுகிறார்கள். கோப்பு வந்து நிற்கிறது.

இது நிகழும் விதத்தைச் சற்றே கூர்ந்து பார்க்கலாம். ஜுன்கன் சோய் என்பவர் 2013ஆம் ஆண்டில் உருவாக்கிய எஃப்.இசட்.எஃப். என்னும் கருவியில் யு, பி, எஸ் என்று மூன்றெழுத்தைத் தட்டினால், இடையில் எத்தனை எழுத்து விட்டுப்போயிருந்தாலும், அம்மூன்றும் அந்த முறையிலேயே வரும் பெயர்களையெல்லாம் அது திரட்டுகிறது. சொல்லின் தலையில் நிற்கும் எழுத்துக்கு மதிப்பெண் கூட்டி, இடைவெளிக்கு மதிப்பெண் குறைத்து, வரிசைப்படுத்தி முன்வைக்கிறது. 'பேக்கப்ஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் வாலில் அதே மூன்றெழுத்து ஒட்டியே நின்றபோதிலும், மூன்று சொற்களின் தலையிலும் அவை ஒவ்வொன்றாக அமைந்த 'யூசர்புரொஃபைல்சர்வீஸ்' அதற்கு மேலே ஏறிவிடுகிறது. மரபணு வரிசைகளை ஒப்புநோக்குவதற்கென்று ஸ்மித், வாட்டர்மேன் என்னும் இருவர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின் திருத்தமே இதற்கு அடிப்படை.

வினா இதுதான்: ஒரு பொருளை நாம் அறிவோமாயின் அதைத் தேட வேண்டுவதில்லை, அறியோமாயின், அது எதிரே வந்து நின்றாலும் அதுவென்று அறியமாட்டோம், அவ்வாறிருக்கத் தேடுதல் என்பது எங்ஙனம் கூடும்? பிளேட்டோவின் நூலொன்றில் மேனோ என்பவன் சாக்ரடீஸை இவ்வாறு மடக்குகிறான். ஆன்மா பிறப்புக்கு முன்னரே யாவற்றையும் அறிந்திருந்தது, கற்பதென்பது மறந்ததை நினைவுகூர்தலே என்பது சாக்ரடீஸ் தந்த விடை. பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் வாயிலில் சங்கரரும் இதே ஐயத்தை எழுப்பி, பிரம்மம் ஆன்மாவாக அனைவருக்கும் பொதுவகையில் பிரசித்தமாயினும் அதன் சிறப்பியல்பு பற்றி வாதிகள் மாறுபடுவதால் விசாரம் வேண்டியதாயிற்று என்று சமாதானம் கூறுகிறார். முற்றறிவும் அன்று, முழு அஞ்ஞானமும் அன்று. இடைப்பட்ட மங்கலான அறிவே தேடலுக்கு நிலைக்களம். இளைஞரின் விரல்நுனியில் நிற்கும் மூன்றெழுத்து அத்தகைய அறிவுதான்.

ஆயினும் இவ்விரு விடைகளும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். அதே கருவி அவர் கணினியிலும் இருக்கிறது, தேடுபெட்டி திறந்திருக்கிறது, தட்டுவதற்கோ ஓரெழுத்தும் இல்லை. பக்கத்து இருக்கையிலிருக்கும் மூத்தவர், "தம்பி, இன்வாய்ஸ்னு தட்டிப் பாருங்க" என்று சொன்ன பிறகே தேடல் தொடங்குகிறது. நினைவுகூர்வதற்கு முன்பு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தேடலும் சூனியத்திலிருந்து எழுவதில்லை. அதன் முதலெழுத்து பிறரிடமிருந்து வந்த கொடை. இங்கேதான் சைவ சித்தாந்தம் மற்றவற்றினும் ஆழமாகப் பார்த்திருக்கிறது என்பது என் துணிபு. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களால் அருளிய சிவஞானபோதத்தின்படி, ஆணவம் உயிரின் அறிவை அழிப்பதில்லை, மறைக்கவே செய்கிறது. மறைப்பு நீங்குவதும் உயிரின் தனி முயற்சியால் அன்று. கண்ணுக்கு உயிர் காட்டினாலன்றிக் கண் காணாதவாறு, உயிருக்கு இறைவன் காட்டினாலன்றி உயிர் காணாது. காட்டுவதோடு நில்லாமல் உடனின்று காண்பவனும் அவனே. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று ஆசிரியர்கள் இதனை வழங்குவர்.

கருவி காட்டுகிறதே, அது போதாதா என்று கேட்கக்கூடும். கருவி ஜடம், அது மதிப்பெண் இடும், 'இதுவே' என்று அறியாது. நம் நாட்டிலேயே இதற்கொரு நல்ல சான்றுண்டு. தோட்டத்துக் கிராணிமார் தத்தம் செவிக்குப் பட்டபடி நம் முன்னோர் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்ததால், லட்சுமி என்ற ஒரே பெயர் லெச்சுமி, லெட்சிமி, லக்ஷ்மி என்று பலவாறாகப் பத்திரங்களில் கிடக்கிறது. பழைய பத்திரங்களைப் படமெடுத்து ஆள்பெயரால் கோப்பாக்கியவர் எல், எச், எம் என்று தட்டுவாராயின் அத்தனை வடிவங்களும் வரிசையாக வந்துவிடும். அவற்றுள் தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பார்த்து, 'இவர்தாம் எங்கள் பாட்டி' என்று கண்டுகொள்பவர் பேத்தி ஒருவரே. அவருக்கும் அத்தோட்டத்தின் பெயரை அம்மாவோ அத்தையோ என்றோ சொல்லியிருந்தால்தான் அது கூடும். பத்தாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து உத்பலதேவர் இந்த அறிதலைப் பிரத்யபிக்ஞை என்றார்: குணங்களைக் கேட்டே ஒருவன்மீது காதல் கொண்ட பெண்ணுக்கு, அவன் எதிரே நின்றும், இன்னானென்று அறியாதவரை மகிழ்ச்சியில்லை என்பது அவர் காட்டிய உவமை. கண்டுகொண்ட பின் தானே அதுவென்று முடிப்பது அவர் மரபு. கண்டுகொண்ட பின்னும் காட்டியவனை மறவாதிருப்பது சித்தாந்தம். எனக்குப் பின்னதே உண்மைக்கு நெருங்கியதாகப் படுகிறது; ஏனெனில் தானே தேடிக் கண்டதாக எண்ணி, முதலெழுத்தைத் தந்தவரை மறப்பதுதான் ஆணவத்தின் இயல்பான தொழில்.

பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமத்திலும், இலங்கைச் சைவர்கள் ஸ்காட் சாலையருகே எழுப்பிய கந்தசுவாமி கோவிலிலும் சமய நூல்களை விசாரிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இரண்டும் அந்த அலுவலகங்களிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. அந்த அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்கள் ஓய்வுநாள் ஒன்றில் சிவஞானபோதத்தில் அந்தக் கண்ணின் உவமை வரும் பதினோராம் சூத்திரத்தைச் சிவஞான முனிவரின் சிற்றுரையோடு ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியே வாசிப்பது கடினம், அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.